பொறுக்க மாட்டேன் என்றாள் ராத்தா

நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். ஏனென்றால் இந்தச் செய்தியை ஒருவரிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. என் மனைவி நஸ்ரியா பக்கத்தில் இருந்தால், "இஞ்சாருங்க, கொஞ்சம் மூச்சு விட்டுக் கதைங்க, பஸ்ஸா போகுது" என்பாள். எனக்கு மூச்சு விட நேரமில்லை. இந்தக் கதை ஒருவருக்காவது உடனே தேவைப்படும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நான் செத்துப்போகத் தீர்மானித்திருந்தவன். எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம், அதைச் சொல்வதால் ஒருவருக்கும் பலனில்லை. எப்படிச் சாகாமல் போனேன் என்பதுதான் கதை.

சாய்ந்தமருதில் பிறந்த நான் இளவயதிலேயே இராணுவத்தில் சேர்ந்தேன். எங்கள் ஊரில் அப்படிச் சேர்ந்தவர்கள் குறைவு. தமிழ் ஆட்கள் என்னை ஆமிக்காரன் என்றார்கள், ஆமியில் என்னைத் தமிழ் கதைக்கிறவன் என்றார்கள். ஊரில் ஆளுக்கொரு பட்டம் வைத்தார்கள். சிங்களமும் தமிழும் சரளமாக வரும் என்பதால் தோளில் தொங்கிய துவக்கைவிட என் வாய்க்குத்தான் அங்கே வேலை அதிகம். அதிகாரி சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். எதிரில் நிற்பவர் தமிழில் சொல்வார், நான் சிங்களத்தில் சொல்வேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் வவுனியாவில் கடமையில் இருந்தேன். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். நஸ்ரியாவின் வீடு பிரதான வீதிக்கு மேற்கே என்பதால் அவளும் கைக்குழந்தை சஹீராவும் தப்பினார்கள். என் உம்மாவின் வீடு கரையோரம். உம்மாவும் தங்கச்சியும் போய்விட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. சீருடையோடு நின்ற என்னைப் பார்த்து யாரோ, "நாட்டக் காக்கப் போனயே, இஞ்ச ஆரு காத்தாங்க?" என்று கேட்டார். அவரும் தன் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் குடியேறிவிட்டது.

விடுமுறை முடிந்து திரும்பிப் போனேன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் வடக்கில், வெளியேறி வந்த சனங்களின் பெயர்களைப் பதிகிற இடத்தில் நிறுத்தினார்கள். அங்கே வந்த அம்மாமார் என் தமிழைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "கண்டீங்களா மகன்?" என்பார்கள். ஒரு பெயரைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயர் வரும். அத்தனையும் என் வாய் வழியாகப் போயின. பிறகு ஊரெங்கும் பட்டாசு வெடித்து யுத்தம் முடிந்தது. நானும் விலகி வந்து ஓட்டோ ஓட்டத் தொடங்கினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. கல்முனைச் சந்தையில் யாராவது பலமாகக் கூப்பிட்டால் உடம்பெல்லாம் வியர்த்துவிடும். சஹீரா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்து காட்டினாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகள் சிரிக்கிறாள், எனக்குள் ஒரு அசைவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நான் இல்லாவிட்டால் இவர்களுக்குப் பாரம் குறையும் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. அது நோயின் குரல் என்று இப்போது தெரியும், அப்போது அது என் புத்தி என்று நம்பினேன். உயிரைப் போக்கிக்கொள்வது ஹறாம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததால் நோய் குறையவில்லை, வெளியில் சொல்கிற வெட்கம்தான் கூடியது.

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஊரில் மட்டும் நடக்கக்கூடிய கூத்து.

எங்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய், "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க" என்று கேட்டுவிட்டுத்தான் பயணம் போவார். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் பொறுத்தால்தான் அல்லாஹ்வும் பொறுப்பான் என்பது நம்பிக்கை. நோன்பு மாதம் நெருங்கும்போதும் சிலர் அப்படிக் கேட்பார்கள். நோன்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது நானும் கேட்கப் புறப்பட்டேன். யாருடைய மனத்தாங்கலும் இல்லாமல் போய்விட வேண்டும் என்பது என் கணக்கு. கைக்கடிகாரத்தை நஸ்ரியாவின் தம்பிக்குக் கொடுத்தேன். என் நல்ல சப்பாத்துச் சோடியைப் பள்ளிவாசலில் வேலை செய்கிறவருக்குக் கொடுத்தேன். ஓட்டோவைக்கூட ஒருவருக்குப் பேசி வைத்திருந்தேன்.

ஊர் அழுதிருக்க வேண்டும். ஊர் பூரித்துப்போனது! "ஆமிக்குப் போன பொடியன் எப்பிடித் திருந்தி வந்திருக்கான் பாருங்க, மாஷா அல்லாஹ்" என்றார்கள். நான் உம்றாவுக்குப் போகிறேன் என்று அவர்களே முடிவு செய்தார்கள். எங்கள் ஒழுங்கையில் சில வீடுகள் தள்ளி ஹாஜியார் வீட்டு மாமி என்று ஒருவர் இருக்கிறார். அவர் என் கையைப் பிடித்து, "எனக்கு ஒரு போத்தல் ஸம்ஸம் தண்ணியும் நல்ல தஸ்பீஹ் மணி ஒண்டும் கொண்டுவாங்க மருமகன். எப்ப பயணம்?" என்று கேட்டார். "கிட்டடியில மாமி" என்றேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்து துஆக் கேட்டு அனுப்பினார். இதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு மனிதன் ஊர் முழுவதும் நடந்து, கதவு கதவாகத் தட்டித் தன் சாவை அறிவித்துக்கொண்டு போகிறான், எல்லோரும் வாழ்த்தி வழியனுப்புகிறார்கள்.

கடைசியாகத்தான் ராத்தா வீட்டுக்குப் போனேன். ஜெமீலா ராத்தா என் உடன்பிறந்த மூத்தவள். இடியப்பம் அவித்து விற்கிறாள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும், ஊரில் அவளோடு வாய் கொடுத்துத் தப்பியவர் இல்லை. நான் போனபோது இடியப்ப உரலில் மாவை வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். குசினி வாசலில் நின்று, "ராத்தா, நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க" என்றேன்.

"பொறுக்க மாட்டன்" என்றாள். திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன ராத்தா, நோம்பு வருது..."

"நோம்பு வருசா வருசம் வாற. ஒரு வருசமும் நீ வந்து இப்பிடி நிண்டதில்ல. மணிக்கூட்டக் குடுத்திருக்காய், சப்பாத்தக் குடுத்திருக்காய், ஓட்டோவையும் குடுக்கப் போறாயாம். உம்றாவுக்குப் போறவன் ஓட்டோவ என்னத்துக்குடா குடுக்கான்? திரும்பி வந்து எத ஓட்டுவாய்?" பிழிவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். மாவு ஒட்டிய கையால் என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். "என்ட முகத்தப் பாரு தம்பி. நீ மௌத்தாகப் பாக்கிறயா?"

அதுவரை ஒருவரும் என்னிடம் சாகப் போகிறாயா என்று கேட்டதில்லை. இல்லை என்ற சொல் வாயில் தயாராக இருந்தது. வெளியே வந்தது ஓம்.

அவள் குளறி அழவில்லை. ஹறாம் என்று சொல்லவில்லை, நரகத்தைக் காட்டவில்லை, பிள்ளையை நினைத்தாயா என்று கேட்கவும் இல்லை. சும்மா என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "அப்ப வா. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள். அடுப்பை அணைத்தாள், பிழிந்த இடியப்பத்தை அப்படியே விட்டாள். அத்தனை காலமும் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை ஒரு சொல்லில் வெளியே போட்டதில் எனக்குக் கனம் குறைந்திருந்தது. என் ஓட்டோவை அவளுடைய மகன் ஓட்ட, நான் பயணியாகப் பின்னால் அவள் பக்கத்தில் இருந்து போனேன். நான் உடுத்திருந்த சாரத்தின் ஒரு மூலையை வழி முழுக்கக் கைக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு கெட்டிக்காரியான ராத்தா ஆஸ்பத்திரியில் செய்த வேலையைக் கேளுங்கள். வெளிநோயாளர் பிரிவில் எங்கள் ஊர் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். என்ன வருத்தம் என்று கேட்டதும் ராத்தா உரத்த குரலில், "நெஞ்சு வலி" என்றுவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கையில் அவளுக்கு வேறு சொல் வரவில்லை. நெஞ்சு வலி என்றால் சும்மா விடுவார்களா? என்னைப் படுக்கவைத்து, மார்பிலும் கைகாலிலும் கம்பிகள் பொருத்தி ஈசிஜி எடுத்தார்கள். இதயம் துடிக்கும்போது உண்டாகும் மெல்லிய மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற சோதனை அது, வலிக்காது. இரத்தமும் எடுத்தார்கள். காத்திருந்தோம். என் இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்று முடிவு வந்தது. "ஒரு பிரச்சினையும் இல்ல, வாயுவா இருக்கும். குளிசை தாறன், வீட்ட போகலாம்" என்றார் அங்கிருந்த டொக்டர்.

வீட்டுக்குப் போகலாம்! அந்தச் சொல்லில் நான் எழும்பியே விட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ராத்தா என் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள், இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. "உண்மையச் செல்லு" என்றாள். நான் அடுத்த பொத்தானைப் போட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்கள். உடனே அவள் டொக்டரிடம், "டொக்டர், நான் பொய் செல்லிட்டன். நெஞ்சு வலி இல்ல. கதவிருக்கிற இடமாப் பாத்து என்ட தம்பியோட கதைங்க. அவரு செல்லுவாரு" என்றாள்.

கதவு உள்ள ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மனநலப் பிரிவு டொக்டர் வந்தார். இளம் பெண். முதலில் தண்ணீர் தந்தார், பிறகுதான் கேள்விகள். "சாக வேணும் எண்டு நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டார். எப்போதிருந்து, திட்டம் ஏதும் உண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல்காரனிடம் இருமல் உண்டா என்று கேட்பது போலக் கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இப்பிடிக் கேட்டா, இல்லாத நினைப்பும் வந்திராதா டொக்டர்?" என்றேன். "வராது. கேட்டா ஆக்களுக்குப் பாரம் குறையும். உங்களுக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்றார். குறைந்துதான் இருந்தது. ஆபத்து எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது என்று அளக்கத்தான் அந்தக் கேள்விகள் என்று பிறகு விளங்கப்படுத்தினார்.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். எனக்கு இரண்டு வருத்தங்கள் என்று சொன்னார்கள். ஒன்று மனச்சோர்வு நோய். கவலையைவிடப் பெரியது அது. கவலைப்படுகிறவனுக்குச் சந்தோஷமும் இடையில் வரும், இந்த நோயில் வராது. மகளின் பரிசைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றாமல் போனது இதனால்தான். மற்றதற்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என்று நீளமான பெயர். ஆபத்து முடிந்துபோன செய்தி மூளைக்கு எட்டவில்லை என்பதுதான் பொருள். உடம்பு இன்னும் காவலில் நிற்கிறது. இரண்டாவது முறை இரத்தம் எடுத்தபோது தைரொயிட் சுரப்பியையும் பார்த்தார்கள், அது குறைந்தாலும் மனம் இப்படிச் சோர்ந்துபோகுமாம். எனக்கு அதில் குறையில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் என்ற பயம் மட்டும் எங்களுக்கு இருக்கவில்லை.

யுத்தத்துக்குப் போன பலருக்கு இது வருகிறது என்று டொக்டர் சொன்னபோது நான் விட்ட பெருமூச்சில் திரைச்சீலை ஆடியிருக்கும். நான் மட்டும்தான் கோழை என்றல்லவா நினைத்திருந்தேன்!

முதல் நாட்கள் மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. குளிசை, தூக்கம், மறுபடி குளிசை. மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் எடுக்கும், அதுவரை தனியே விடக்கூடாது என்று நஸ்ரியாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மனம் தெளிவதற்கு முன் உடம்பில் தெம்பு வந்துவிடும், அந்த இடைவெளிதான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்றார்கள். வீட்டில் ஆபத்தானவை எதுவும் இருக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். நஸ்ரியாவும் அவள் தம்பியும் வீட்டைத் துருவி, என்னென்னவோ எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் கட்டிவிட்டு, வெளியே போய் அழுதான்.

நஸ்ரியா என் பக்கத்தில் இருந்து தலை வாரிவிட்டாள். "எனக்கிட்ட ஏன் செல்லல்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். "உனக்குப் பாரமாயிருக்கும் எண்டுதான்" என்றேன். "நீங்க இல்லாமப் போனா பாரமில்லயா?" என்றாள். சீப்பை வைத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மீது எனக்கிருந்த அன்பு எங்கேயோ அடியில் கிடந்து முனகுவது அப்போது கேட்டது.

இதற்கிடையில் ஊரில் நெஞ்சு வலிச் செய்தி காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. நான் இதய வார்டில் கிடக்கிறேன் என்று நினைத்து, பார்வை நேரத்தில் ஊரே திரண்டு அங்கே போயிருக்கிறது. எண்ணெயில்லாத கறி, உள்ளி போட்ட கஞ்சி, கொழுப்பெடுத்த பால்மா எல்லாம் கட்டில் கட்டிலாக என்னைத் தேடின. ஒரு நாள் மாரடைப்புக்காரர் ஒருவருக்கு என் கஞ்சி போய்ச் சேர்ந்தது. ராத்தா இரண்டு வார்டுக்கும் நடுவில் நின்று, "டெஸ்ட்டுக்குக் கொண்டு போயிருக்காங்க, டெஸ்ட்டுக்கு" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். அத்தனை டெஸ்ட் எடுத்திருந்தால் உண்மையிலேயே செத்திருப்பேன்.

பிறகு ஒரு மத்தியானம் அது நடந்தது. நஸ்ரியா சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். கீரிமீன் ஆணம், புளி தூக்கலான குழம்பு. எனக்குப் பசித்தது! ஐயோ, பசித்தது! மூக்கில் வாசம் ஏறி, வாயில் நீர் ஊறி, வயிறு கூப்பிட்டது. நான் அள்ளி அள்ளித் தின்றேன். முள்ளைக்கூடப் பார்க்கவில்லை. நஸ்ரியா, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே தன் பங்கையும் என் பக்கம் தள்ளினாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மிஸ்ஸியை, அதாவது வார்டுத் தாதியை, கூப்பிட்டு வெற்றுப் பெட்டியைக் காட்டினேன். போட்டியில் கிண்ணம் ஜெயித்த ஆள் போல அதைத் தூக்கிப் பிடித்திருந்தேன் என்று மிஸ்ஸி இன்றும் கேலி செய்வார்.

அந்த வாரத்தில்தான் பண்டாரவைக் கொண்டுவந்தார்கள். அம்பாறைப் பக்கத்துக் குடியேற்றக் கிராமமொன்றைச் சேர்ந்தவர், விலகி வந்த சிங்களச் சிப்பாய், என் வயதுதான் இருக்கும். கல்முனையில் கட்டட வேலைக்கு வந்த இடத்தில், கூட வேலை செய்தவர்கள் நிலைமையைக் கண்டு கூட்டிவந்திருந்தார்கள். யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். டொக்டருக்குச் சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும். சிங்களம் தெரிந்த மிஸ்ஸி அன்று லீவு. டொக்டர் என்னிடம் வந்தார். "நோயாளியக் கேட்கிறது முறையில்ல. ஆனா வேற ஆள் வரும் வரைக்கும் காத்திருக்கப் பயமா இருக்கு. ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லுங்க, நான் கோபிக்க மாட்டன்" என்றார்.

எனக்கு வியர்த்தது. மொழிபெயர்ப்பு என்ற சொல்லே எனக்கு அந்த அம்மாமாரின் கைகளைக் கொண்டுவரும். இருந்தாலும் எழுந்து போனேன். பண்டாரவின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு அவர் முன்னால் இருந்தேன். டொக்டர் தமிழில் கேட்டார், நான் சிங்களத்தில் கேட்டேன். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று வந்து, அந்தக் கேள்விக்கு வந்தார். நான் அதையும் சிங்களத்தில் கேட்டேன்: சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

அவர் முதல் தடவையாகச் சுவரை விட்டு என்னைப் பார்த்தார். ஆம் என்று சிங்களத்தில், மிக மெதுவாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் டொக்டருக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. நானும் சிப்பாய்தான், நானும் இதைத்தான் சொன்னேன், சொல்லித்தான் இந்தக் கட்டிலுக்கு வந்தேன், இன்று மீன் ஆணத்தோடு சோறு தின்றேன் என்று சிங்களத்தில் கடகடவென்று கொட்டினேன்.

"நான் இவ்வளவு நீளமாக் கேக்கல்லயே" என்றார் டொக்டர்.

"கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டன் டொக்டர்."

பண்டார என்ன மீன் என்று கேட்டார். டொக்டருக்கு அதையும் மொழிபெயர்த்தேன். மூன்று பேரும் சிரித்தோம், பிறகு அவர் அழுதார், நெடுநேரம் அழுதார். அவரைச் சேர்ந்த ஆட்களுக்கு அறிவித்து, அக்கா வந்து பொறுப்பெடுக்கும்வரை வார்டில் அவரைத் தனியே விடவில்லை. நான் கட்டிலுக்குத் திரும்பி வந்தேன். ஒரு கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் ஒரு மனிதன் பிழைக்கவும் கூடும் என்று என் வாய்க்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குப் படுக்க முடியவில்லை, வார்டு முழுக்க நடந்தேன்.

அந்த உற்சாகத்தில்தான் பொய்யையும் முடித்துவைத்தேன். ஹாஜியார் வீட்டு மாமி எப்படியோ மோப்பம் பிடித்து என் கட்டிலுக்கே வந்துவிட்டார். "நெஞ்சு எப்பிடி மருமகன்?" என்றார். ராத்தா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நெஞ்சுக்கு ஒண்டுமில்ல மாமி. மனசில வருத்தம். நான் உம்றாவுக்குப் போக வெளிக்கிடல்ல, மௌத்தாகத்தான் வெளிக்கிட்டன்." ராத்தா தலையில் கை வைத்தாள். மாமி திரைச்சீலையை இழுத்து மூடினார். பிறகு என் கட்டிலில் அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, "எங்கட மூத்த மருமகனும் ஊர்காவல் படையில இருந்தவருதானே. கதைக்கிறாரில்ல, தின்கிறாரில்ல. நாங்க பேய்க்குப் பாக்கிற எண்டு இரிந்தம். இஞ்ச கூட்டி வரலாமா?" என்றார். ராத்தா கையைத் தலையிலிருந்து எடுத்தாள். "இப்பவே கூட்டி வாங்க" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யுத்தத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தால், அவர் திடீரென்று பொருட்களைக் கொடுக்கத் தொடங்கினால், காரணமில்லாமல் எல்லோரிடமும் பொறுத்துக்கொள்ளக் கேட்டால், இவ்வளவு காலமும் தவித்தவர் சட்டென்று அமைதியாகிவிட்டால், மாஷா அல்லாஹ் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். நேராகக் கேளுங்கள். ஓம் என்று சொன்னால் ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நெஞ்சு வலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! நீங்களே அந்த ஆளாக இருந்தால், பக்கத்தில் இருக்கிறவரிடம் இன்றே சொல்லுங்கள். அந்த நினைப்பு போய்விடும். போய்விடும் என்று எனக்கும் அன்று நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எனக்குப் போட்ட காவலைப் பார்த்தால் ஜனாதிபதியும் பொறாமைப்படுவார். நஸ்ரியா கடைக்குப் போனால் அவள் தம்பி தற்செயலாக வருவான். அவன் போனால் ராத்தா தற்செயலாக இடியப்பம் கொண்டுவருவாள். குளிக்கும்போது கொஞ்சம் தாமதித்தால் சஹீரா கதவைத் தட்டி, "வாப்பா, பாட்டுப் படிங்க" என்பாள். நான் பாடினால் அயலவர் துன்பப்படுவார்கள், ஆனாலும் பாடினேன். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவர்களுடைய முகங்களைப் பார்த்தேன். நஸ்ரியா தூக்கத்திலும் கையை நீட்டி என்னைத் தொட்டுப் பார்ப்பாள். நோய் எனக்கு, பயம் முழுவதும் அவளுக்கு. என் பயம் குளிசையில் குறைந்தது, அவளுடையதற்கு யார் மருந்து தருவது? கிளினிக்குக்குப் போகும்போது டொக்டர் அவளிடமும் தனியாகக் கதைத்தார். மெதுவாகத்தான் போகும் என்றாராம்.

நான் முழுதாகச் சுகமாகிவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். இன்னும் குளிசை எடுக்கிறேன். சில நாட்களில் அந்தப் பழைய நினைப்பு எட்டிப் பார்க்கும். வந்தால் நஸ்ரியாவிடம் சொல்லிவிடுவேன். அவள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருப்பாள், அது போகும்வரை இருவரும் கதைத்துக்கொண்டிருப்போம்.

நோன்பும் பெருநாளும் கழிந்து கன நாளைக்குப் பிறகு, ஒரு பின்னேரம் நான் முற்றத்தில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தேன். சஹீரா குர்ஆன் ஓதப் போயிருந்தாள். எதிர் வீட்டில் கல்யாணம், பெண்ணுக்கு உடுப்பு வந்திருப்பதாகச் சத்தம் கேட்டது. நஸ்ரியா முக்காட்டைப் போட்டுக்கொண்டு, "அடுப்பில பால் இரிக்கி, பொங்கினா இறக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் போன பிறகு நான் ஒழுங்கையை எட்டிப் பார்த்தேன். தம்பியைக் காணவில்லை. ராத்தாவும் வரவில்லை. பால் பொங்கியது, இறக்கினேன். ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் வரவேயில்லை. இருட்டப் போகிற நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள், சேலையின் கரை எவ்வளவு அகலம் என்று இரண்டு கையாலும் காட்டிக்கொண்டே வந்தாள்.

"நஸ்ரியா" என்றேன். "என்னத் தனிய விட்டுட்டுப் போயிட்டாய்."

கை அப்படியே நின்றது. கண் விரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அல்லாஹ்வே, எனக்கு மறந்து போச்சி" என்றாள்.

அவளுக்குப் பயப்பட மறந்துபோயிருந்தது. நான் ஈரக் கையோடு அவளைக் கட்டிப் பிடித்தேன். எதிர் வீட்டுப் பெண்கள் எல்லாம் ஜன்னலில் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும்.